செடிக்குள் விரால், கையில் ரப்பர் தவளை

"கெண்டையைப் போட்டு விராலை இழு" என்று ஒரு பழமொழி உண்டு. சின்னதைக் கொடுத்துப் பெரியதை வாங்கும் சாமர்த்தியத்துக்குச் சொல்வது. அரசியல்வாதி முதல் சீட்டுக் கம்பெனிக்காரர் வரை எல்லோரும் அதைக் கரைத்துக் குடித்திருக்கிறார்கள். ஆனால் நிஜ ஏரியில் நிஜ விராலுக்கு முன்னால் நின்றால் அந்தப் பழமொழி பாதிதான் உண்மை. விராலுக்கு இரை போடுவது பெரிய விஷயமே இல்லை. இழுப்பதுதான் விஷயம். மீனுக்கும் கரைக்கும் நடுவில் ஒரு காடே கிடக்கிறது. வேலம்பாசி, அல்லி, சம்பு, ஆகாயத்தாமரை!

குமணன்சாவடியிலிருந்து எந்தப் பக்கம் வண்டியைத் திருப்பினாலும் கொஞ்ச தூரத்தில் ஓர் ஏரி வந்துவிடும். ஒரு பக்கம் செம்பரம்பாக்கம், ஒரு பக்கம் போரூர், வடக்கே போனால் அயனம்பாக்கம், பருத்திப்பட்டு, அம்பத்தூர், கொரட்டூர். மூங்கில் கழியும் மண்புழு டப்பாவுமாக இந்தக் கரைகளில் உட்கார்ந்திருந்த தாத்தாக்களின் பக்கத்தில் இப்போது ராடு, ரீல், லூர் சகிதம் இளைஞர்களும் நிற்கிறார்கள். நல்ல விஷயம்தான். சினிமா, செல்போன் தவிர வேறு ஒன்றுக்காக விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்திருக்கிற தலைமுறை இருக்கிறதே என்று சந்தோஷப்படலாம்.

பிரச்சினை எங்கே என்றால், அவர்கள் பாடம் படிக்கிற இடத்தில். இணையத்தில் "செடி நிறைந்த, ஆழமில்லாத தண்ணீரில் மீன் பிடிப்பது எப்படி" என்று தேடினால் வந்து விழுவதெல்லாம் அமெரிக்கா, ஜப்பான் வீடியோக்கள். அதில் வருகிற மீன் லார்ஜ்மவுத் பாஸ். அந்த மீன் நம்மூர் ஏரியில் கிடையாது. அது அங்கே செய்கிற வேலையை, அதாவது செடிக்குள் பதுங்கி நின்று பாய்ந்து விழுங்குகிற வேலையை, இங்கே செய்வது விரால். அதனால் பாஸ் மீனுக்காகச் செய்த லூர்கள் விராலுக்கும் பலிக்கின்றன. லூர் பலிக்கிறது என்பதற்காக அந்த வீடியோவில் சொல்கிற எல்லாமும் இங்கே சரியாகிவிடுமா என்பதுதான் கேள்வி. ஆகாது. எந்த லூர், எந்த உத்தி என்று தேர்ந்தெடுப்பது எந்த மீனைப் பிடிப்பது என்பதற்கு மட்டுமல்ல, எந்த மீனைப் பிடிக்காமல் விடுவது என்பதற்கும் சேர்த்துத்தான்.

விரால் ஏன் கரையோரம் வருகிறது?

முதலில் ஏரி. நம்மூர் ஏரி என்பது கிண்ணம் மாதிரி நடுவில் ஆழமாக இருப்பதல்ல. சாய்வான நிலத்தில் பள்ளமான பக்கத்தில் மட்டும் ஒரு கரையைப் போட்டுத் தண்ணீரைத் தேக்கியது. ஆகவே கரையை ஒட்டி, மதகுப் பக்கம் ஆழம். அதற்கு எதிர்ப்பக்கம், தண்ணீர் வந்து சேர்கிற பக்கம், போகப் போக இடுப்பளவு, முழங்கால் அளவு, கணுக்கால் அளவு. செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3645 மில்லியன் கன அடி. கேட்க பிரம்மாண்டம்தான். ஆனால் அந்த 24 அடியைப் பார்த்து விரால் எங்கேயோ அடி ஆழத்தில் இருக்கும் என்று நினைத்தால் நாள் முழுக்கச் சும்மா வீசிவிட்டு வரவேண்டியதுதான்.

ஏனென்றால் விரால் மேலே வந்தாக வேண்டிய மீன். செவுள் இருந்தும் அது போதாமல், தலைக்குள் இருக்கிற இன்னொரு உறுப்பால் காற்றை நேரடியாகச் சுவாசிக்கிறது. சில நிமிஷத்துக்கு ஒரு தடவை மேலே வந்து ஒரு மடக்குக் காற்றைக் குடிக்காவிட்டால் வளர்ந்த விரால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துவிடும். (மீன் தண்ணீரில் மூழ்கிச் சாவது!) ஆழமில்லாத, செடி நிறைந்த ஓரம் அதற்கு எல்லா வகையிலும் வசதி. மூச்சுக்கு மேலே வரும் தூரம் குறைவு, தவளையும் சின்ன மீனும் அங்கேதான், வெயிலுக்கு நிழலும் அங்கேதான்.

தூண்டில்காரருக்கு இது பெரிய உபகாரம். மீன் தானே வந்து "இங்கே இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறது. செடிகளுக்கு நடுவில் "க்ளக்" என்று ஒரு சத்தம், ஒரு வட்டம், இரண்டு குமிழி. பழகின கண்ணுக்கு அது போதும். அதனால் வந்தவுடன் வீச ஆரம்பிப்பதைவிட, பத்து நிமிஷம் சும்மா நின்று பார்ப்பது மேல்.

2000 வருஷத்துப் பிரச்சினை

செடிக்குள் விரால் பிடிப்பதில் உள்ள கஷ்டம் இன்று நேற்று வந்ததில்லை. அகநானூற்றின் 36-வது பாட்டில், மதுரை நக்கீரர் இதே காட்சியை வைத்திருக்கிறார். வரி வரியாக உடம்பு கொண்ட ஒரு பெரிய ஆண் வரால், வளைந்த இரும்பு முள்ளில் கோத்த இரையை விழுங்கிவிடுகிறது. உடனே ஆம்பல் இலை கிழிய, குவளைப் பூ சிதைய எகிறிப் பாய்ந்து, வள்ளைக் கொடியெல்லாம் கலங்க ஓடுகிறது. தூண்டில்காரன் இழுக்கிறான். அது வருவதாக இல்லை. கயிறு போட்டுப் பிடித்த முரட்டுக் காளை மாதிரி திமிறிக்கொண்டு காலைநேரக் குளத்தையே உழுது போடுகிறது. வரால் என்பது விரால்தான்.

சங்கப் பாடலைப் படிக்கிறவர்கள் அதில் உவமையைப் பார்ப்பார்கள். தூண்டில் போடுகிறவர் பார்த்தால் வேறு ஒன்று தெரியும். அந்த ஆள் என்ன தப்பு செய்தான்? மீன் இரையை எடுத்த முதல் இரண்டு வினாடியில் அதைச் செடிக்குள் போகவிட்டுவிட்டான். விரால் ஒருமுறை கொடிக்குள் தலையை நுழைத்துவிட்டால் ஒரு கிலோ மீன் ஐந்து கிலோ ஆகிவிடும். இழுப்பது மீனை அல்ல, மீனோடு சேர்த்து ஒரு கட்டுக் கொடியை.

ஆக இந்தத் தண்ணீரில் எந்த லூருக்கும் இரண்டே பரீட்சை. போகிற வழியில் செடியில் மாட்டாமல் மீன் வரைக்கும் போகுமா? மீன் கடித்த பிறகு செடிக்குள் விடாமல் மேலாக இழுத்துவர முடியுமா? கடையில் பளபளவென்று தொங்குகிற லூர்களில் முக்கால்வாசி முதல் பரீட்சையிலேயே ஃபெயில்.

செடியைப் பார், அப்புறம் லூரைப் பார்

"விராலுக்கு எந்த லூர் நல்லது?" என்பது தவறான கேள்வி. "இந்தச் செடிக்கு எந்த லூர் நல்லது?" என்பதுதான் சரியான கேள்வி. ஏரிக்குப் போய்ச் செடியைப் பார்க்காமல் பெட்டியைத் திறக்கவே கூடாது.

வேலம்பாசி: தண்ணீருக்குள் வளர்ந்து மேல்மட்டத்தைத் தொட்டு, பச்சைப் பாய் விரித்தது போல் கிடக்கும். உள்ளிருந்து குச்சி மாதிரி நீட்டிக்கொண்டிருக்காது. ரப்பர் தவளைக்கென்றே செய்து வைத்த இடம். பாயின் மேல் மெதுவாக இழுத்துவந்து, எங்கெங்கே ஓட்டை தெரிகிறதோ அங்கே நிறுத்தி இரண்டு தட்டு தட்டி, மறுபடி இழுக்கலாம். பத்தில் எட்டுக் கடி அந்த ஓட்டையில்தான் வரும்.

அல்லி, தாமரை: இலைக்கும் இலைக்கும் நடுவில் இடைவெளி உண்டு. ஆனால் தண்டு தடிமன். இலையின் மேல் தவளையை ஏற்றி, விளிம்பிலிருந்து தண்ணீருக்குள் "தொப்" என்று விழவைப்பது ஓர் உத்தி. நிஜத் தவளையும் அதைத்தானே செய்கிறது? கடி வராவிட்டால் ரப்பர் புழுவை மாட்டிப் பார்க்கலாம். முனையில் துப்பாக்கிக் குண்டு மாதிரி ஒரு சின்ன ஈயம், பின்னால் வளைத்த முள், முள்ளின் நுனியைப் புழுவின் உடம்புக்குள்ளேயே ஒளித்து வைப்பது. டெக்சாஸ் ரிக் என்பார்கள். நுனி வெளியே தெரியாததால் தண்டில் மாட்டாது.

சம்பு, கோரை: உள்ளே வீசினால் திரும்ப வராது. ஓரத்தை ஒட்டி, சுவருக்கு வெள்ளையடிக்கிற மாதிரி, இணையாக வீசவேண்டும். இங்கே வாலில் சின்னத் தகடு சுற்றுகிற ஜம்ப் ஃப்ராக் நன்றாக வேலை செய்யும். கலங்கிய தண்ணீரில் விரால் கண்ணைவிட அதிர்வை நம்புகிறது. தகடு எழுப்புகிற சலசலப்பு தூரத்திலிருந்தே கூப்பிடும்.

ஆகாயத்தாமரை: பெயர்தான் அழகு. கெட்டியாக மூடிவிட்ட இடத்தில் எந்த லூரும் உதவாது. ரப்பர் தவளை இலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும், கீழே இருக்கிற மீனுக்கு அது தெரியவே தெரியாது. காற்றில் அந்தக் கூட்டம் நகரும்போது உண்டாகிற விளிம்பும் சந்தும் மட்டும்தான் மீன்பிடி இடம். மற்றதை விட்டுவிட்டு அடுத்த இடம் பார்ப்பது நேரத்துக்கு நல்லது.

கரையில் நிறையப் பேர் அடித்துக்கொள்வது நிறத்தைப் பற்றி. கறுப்பா, பச்சையா, வெள்ளையா? கீழே இருந்து பார்க்கிற மீனுக்கு வானத்தின் பின்னணியில் தெரிவது ஒரு நிழல்தான். மங்கலான வெளிச்சத்துக்குக் கறுப்பு எடுப்பாகத் தெரியும். அதற்கு மேல் நிறத்துக்குச் செலவழிக்கிற காசை நல்ல நரம்பு வாங்கச் செலவழிப்பது புத்திசாலித்தனம்.

ரப்பர் தவளையை ஒழுங்காகப் பயன்படுத்துவது

ரப்பர் தவளை என்பது உள்ளே வெற்றிடமான மெல்லிய ரப்பர் உடம்பு. இரண்டு முள்ளும் முதுகை அணைத்தபடி மேல்நோக்கி இருக்கும். அதனால் செடிமேல் வழுக்கிக்கொண்டு வருகிறது. மீன் கடித்தவுடன் உடம்பு அமுங்கி முள் வெளியே வரும். அவ்வளவுதான் தத்துவம்.

இதில் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்கிற தவறு ஒன்று. தண்ணீர் வெடித்தவுடன் பயந்துபோய் ராடைச் சுண்டிவிடுவார்கள். தவளை மட்டும் பறந்து வந்து மூக்கில் மோதும், விரால் போய்விடும். சத்தம் கேட்டதும் ராடின் நுனியைத் தாழ்த்தி, தொய்வைச் சுற்றி எடுத்து, கனம் தெரிந்த பிறகு பலமாக இழுக்கவேண்டும். அதிகபட்சம் இரண்டு வினாடி. அந்த இரண்டு வினாடிப் பொறுமைதான் இந்தக் கலையின் பாதி. விராலின் வாய் எலும்பு. மென்மையாக இழுத்தால் முள் இறங்காது.

மீதிப் பாதி நரம்பு. சாதாரணத் தங்கூஸ் நரம்பு ரப்பர் மாதிரி நீளும். இழுக்கிற பலம் முள்ளுக்குப் போய்ச் சேருவதற்குள் விரால் கொடிக்குள் புகுந்திருக்கும். செடித் தண்ணீருக்குப் பின்னல் நரம்புதான். பிரெய்டு என்று கேட்டால் கடையில் கொடுப்பார்கள். 30 முதல் 50 பவுண்டு வரை. ஒரு கிலோ மீனுக்கு 50 பவுண்டா என்று சிரிக்கலாம். அது மீனுக்கு இல்லை, செடிக்கு. பின்னல் நரம்பு இளம் தண்டுகளை அறுத்துக்கொண்டே வரும். ராடு ஆறரை, ஏழு அடியில் கொஞ்சம் விறைப்பாக இருக்கவேண்டும். முள் இறங்கியவுடன் மீனின் தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கி, செடிமேல் சறுக்கவிட்டபடியே கொண்டுவந்துவிடலாம். அகநானூற்று ஆள் செய்யாமல் விட்டது இதைத்தான்.

சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. நாலு கடிக்குப் பிறகு தவளையின் வயிற்றில் தண்ணீர் ஏறிவிடும், பிதுக்கி எடுக்கவேண்டும். மீன் காலை மட்டும் கவ்விக்கொண்டு போனால் காலின் நீளத்தைக் கத்தரித்துக் குறைக்கலாம். குமிழி வந்த இடத்தின் தலையிலேயே போடாமல், அதைத் தாண்டிப் போட்டு அதன் வழியாகக் கொண்டுவரவேண்டும்.

நிஜத் தவளை போதாதா?

"காலங்காலமாக நிஜத் தவளையில்தானே பிடித்தோம், இந்த ரப்பர் எல்லாம் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. நிஜத் தவளையில் மீன் அதிகம் படும் என்பதும் உண்மைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் உயிர் இரையை விரால் முழுசாக விழுங்கிவிடும். முள் தொண்டைக்கோ வயிற்றுக்கோ போய்விடும். அப்புறம் அந்த மீனை விடுவது என்ற பேச்சே கிடையாது. கையளவு குஞ்சாக இருந்தாலும் சரி, வயிறு நிறைய முட்டையோடு இருந்தாலும் சரி, வந்தது வந்ததுதான். கரையில் குச்சி நட்டு ராத்திரி முழுக்க விட்டுவைக்கிற தூண்டிலில் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

ரப்பரை விரால் விழுங்குவதில்லை. கடித்த இடத்திலேயே, பெரும்பாலும் வாயின் ஓரத்திலோ மேல்தாடையிலோ, முள் நிற்கும். கழற்றி விட்டால் ஓடிவிடும். தூண்டில்காரருக்குத் தேர்வு செய்யும் அதிகாரம் கிடைப்பது இதில்தான்.

தவளைக்கும் ஒரு வார்த்தை. தவளைக்கால் ஏற்றுமதிக்காக வயல்களில் தவளைகளை அள்ளிக்கொண்டு போய், கடைசியில் 1987-ல் இந்தியா அந்த ஏற்றுமதியையே தடை செய்யவேண்டி வந்தது. வயல்கள் பிளாட்டாகிவிட்ட இந்தப் பக்கத்தில் மிச்சமிருக்கிற தவளைகளைத் தூண்டிலில் மாட்டுவதைவிட, சில நூறு ரூபாய் ரப்பரை மாட்டுவது மேல். ஒரு ரப்பர் தவளை பல மாதம் வரும்.

அதேபோல மூன்று கொக்கி மாட்டிய பிளாஸ்டிக் மீன்களையும் செடித் தண்ணீரில் போடக்கூடாது. மீன் படாது என்பது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. மாட்டிக்கொண்டால் நரம்பை அறுத்துவிட்டு வந்துவிடுவார்கள். அந்த ஆறு முனையும் அங்கேயே கிடக்கும். நீர்க்கோழிக்கும் கொக்குக்கும் அது பொறி. வலை போட இடுப்பளவு தண்ணீரில் வெறுங்காலோடு இறங்குகிற மீனவருக்கு அது நேராகப் பாதத்தில். ஒருவருடைய ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு இன்னொருவருடைய ஒரு வாரக் கூலியைக் கெடுக்கலாமா?

சிவப்புக் குஞ்சுக் கூட்டம்

இனி முக்கியமான விஷயம்.

மழைக்காலம் ஆரம்பித்து ஏரியில் புதுத்தண்ணீர் ஏறும்போது விரால் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். ஆழமில்லாத ஓரத்தில் செடிகளை ஒதுக்கி ஒரு வட்டம் போல இடம் செய்து முட்டை இடும். முட்டை மிதக்கும். ஓரிரு நாளில் பொரிந்துவிடும். அதற்குப் பிறகு சில வாரம், பெற்ற மீன்கள் குஞ்சுகளை விட்டு நகராது. ஆயிரக்கணக்கான ஆரஞ்சுச் சிவப்புக் குஞ்சுகள் ஒரே பந்து மாதிரி மேல்மட்டத்தில் கொதித்துக்கொண்டு நகரும். கீழே நிழல் மாதிரி பெரிய விரால் கூடவே போகும். கெண்டையோ குறவையோ பாம்போ பக்கத்தில் வந்தால் பாய்ந்து விரட்டும்.

இந்தப் பந்துக்கு நடுவில் ரப்பர் தவளையைப் போட்டால் என்ன ஆகும்? பசி இருக்கிறதோ இல்லையோ, பெரிய மீன் வந்து அடிக்கும். ஒரு தடவை தப்பினால் இரண்டாவது தடவையும் அடிக்கும், மூன்றாவது தடவையும் அடிக்கும். அது இரை தேடவில்லை, பிள்ளைகளைக் காக்கிறது. ஏரியில் பெரிய விரால் பிடிக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது. சுலபமாக இருப்பதால்தான் எல்லோரும் செய்கிறார்கள். ஃபோட்டோவும் பிரமாதமாக வரும். இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்த மூன்று கிலோ விரால்! தண்ணீரில் மிச்சமிருக்கிற குஞ்சுகள் ஃபோட்டோவில் வருவதில்லை. காவல் போய்விட்டால் அவை சுற்றியிருக்கிற எல்லா வாய்க்கும் தீனி.

இதை ஒரு சாகச உத்தியாகக் காட்டுகிற வீடியோக்கள் ஏராளம். அதில் பல எங்கிருந்து வருகின்றன என்று பார்த்தால் விஷயம் புரியும். 2002-ல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், கிராஃப்டன் என்ற ஊர்க் குளத்தில் விராலின் ஒன்றுவிட்ட சகோதரனான வடக்கத்திய விரால் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. சீனா பக்கத்து மீன். யாரோ கொண்டுபோய் விட்டது. அரசாங்கம் குளத்துக்கே மருந்து ஊற்றி எல்லா மீனையும் கொன்றது. அப்படியும் சில வருஷத்தில் போடோமாக் ஆற்றில் அந்த மீன் பரவிவிட்டது. அங்கே அது அந்நியன். பிடித்தால் திரும்ப விடாதே, கொல்லு என்பதுதான் அங்கே அரசாங்கம் சொல்வது. ஆகவே குஞ்சுக் கூட்டத்தைத் தேடிப் போய்ப் பெற்ற மீனைப் பிடிப்பது அங்கே ஊருக்குச் செய்கிற சேவை.

இங்கே? விரால் இந்த மண்ணின் மீன். மேரிலாந்துக்காரர் செய்வதை அப்படியே செம்பரம்பாக்கத்தில் செய்வது, களை எடுக்கக் கொடுத்த மண்வெட்டியால் பயிரை வெட்டுவது மாதிரி. லூரை இறக்குமதி செய்யலாம், தப்பில்லை. காரணத்தை இறக்குமதி செய்யமுடியாது.

இன்னொன்று. அதே அமெரிக்க பாஸ் மீனும் குஞ்சு காக்கிற மீன்தான், ஆண் மீன் கூட்டில் காவல் இருக்கும். அதனால்தான் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தின் பல பகுதிகளில் அது முட்டையிடும் வசந்தகாலத்தில் அதைப் பிடிக்கத் தடை, ஜூன் மாதம்தான் சீசன் திறக்கும். சொந்த மீனுக்கு அவர்கள் வைத்திருக்கிற மரியாதை அது. நம்மூர்க் கடலிலும் அந்த மரியாதை உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. பிழைப்பையே நம்பியிருக்கிறவர்கள் இரண்டு மாதம் படகைக் கட்டிப் போடுகிறார்கள். பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போடுகிறவர் ஒரு குஞ்சுக் கூட்டத்தைத் தாண்டிப் போகமுடியாதா?

"ஏரியே சாக்கடை, இதில் ஒரு மீனா?"

இதற்கு வருகிற பதில் தெரிந்ததுதான். "ஏரியில் கழிவுநீர் விடுகிறார்கள், ஓரத்தில் வீடு கட்டுகிறார்கள், வலை போட்டு மொத்தமாக அள்ளுகிறார்கள். ஒரே ஒரு தூண்டிலில் வருகிற ஒரு மீனை விட்டால் என்ன ஆகிவிடும்?"

முதல் பாதி முழு உண்மை. கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலக்கிற விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போயிருக்கிறது. ஆனால் அதிலிருந்து வரவேண்டிய முடிவு தலைகீழ். கெட்டுப்போன தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தால் கெண்டை வகைகள் செத்து மிதக்கும். காற்றைக் குடிக்கிற விரால் தாக்குப்பிடிக்கும். 2000-த்திலேயே இந்தியா தடை செய்தும் ஒழியாத ஆப்பிரிக்கக் கெளுத்தியும், எங்கே பார்த்தாலும் பெருகிவிட்ட ஜிலேபியும் ஆள்கிற தண்ணீரில், சின்ன மீன்களைத் தின்று கணக்கைச் சரிக்கட்டுகிற சொந்த ஊர் வேட்டை மீன்களில் மிச்சம் இருப்பது விரால்தான். ஏரி மோசமாக இருப்பது விராலைக் கொல்ல ஒரு சாக்கு அல்ல. அதை விட்டுவைக்க ஒரு காரணம்.

(இதிலேயே ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. விரால் இருக்கிறது என்பதால் அந்தத் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று அர்த்தமில்லை. புண் ஆறும், உடம்பு தேறும் என்று விரால் குழம்பு கொடுக்கிற வழக்கம் உண்டு. சாக்கடை விழுகிற ஏரியின் விராலைக் கொடுத்து யாரையும் தேற்றவேண்டாம்.)

வறட்சியையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். 2019 கோடையில் செம்பரம்பாக்கம் ஏறக்குறைய வறண்டு தரை தெரிந்தது. விரால் ஈரச் சேற்றுக்குள் புதைந்து கொஞ்ச காலம் சமாளிக்கும்தான். ஆனாலும் அப்படி ஒரு கோடைக்குப் பிறகு மிஞ்சுவது கொஞ்சம் மீன்களே. அந்தக் கொஞ்சம் பேர் அடுத்த மழையில் வளர்த்து எடுக்கிற குஞ்சுகள்தான் அதற்கடுத்த வருஷத்து ஏரி. அந்தக் கணக்கில் ஒரு மீன் என்பது ஒரு மீன் இல்லை.

கழிவுநீரையும் கட்டடத்தையும் தடுக்கிற அதிகாரம் தூண்டில்காரர் கையில் இல்லை. தன் லூர் எங்கே விழவேண்டும் என்பது மட்டும் அவர் கையில்தான் இருக்கிறது.

ஆகவே

மீனே பிடிக்கவேண்டாம், கரையில் நின்று கும்பிட்டுவிட்டு வாருங்கள் என்பதல்ல இதன் பொருள். நல்ல தண்ணீரில் பிடித்த விராலை மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தால் எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்து வீடுகளுக்குச் சொல்லித்தரவேண்டியதில்லை. ஒரு நாளைக்கு வீட்டுக்கு ஒரு மீன், அதுவும் குஞ்சுக் கூட்டம் கூட இல்லாத மீன் என்று வைத்துக்கொண்டால் யாருக்கும் குறையில்லை. ஒரு அடிக்குக் குறைந்ததை ஈரக் கையால் பிடித்து, முள்ளை எடுத்து, திருப்பி விட்டுவிடலாம். முள்ளில் இருக்கிற எதிர்முனையைக் குறட்டால் நசுக்கிவிட்டால் கழற்றுவது இன்னும் சுலபம்.

பல ஏரிகளில் மீன்பிடி உரிமை குத்தகைக்குப் போயிருக்கும். சிலவற்றில் இறங்கவே தடை இருக்கும். கரையில் இருப்பவரிடம் கேட்டுவிட்டுப் போடுவதில் கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது. அறுந்த நரம்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு வருவதற்கும் காசு செலவில்லை.

மற்றபடி பெட்டியில் பத்து லூர் வேண்டாம். செடி அடர்த்திக்கு ஒரு ரப்பர் தவளை, கலங்கல் தண்ணீருக்கு ஒரு ஜம்ப் ஃப்ராக், அல்லி இடுக்குக்கு நாலு ரப்பர் புழு, நல்ல பின்னல் நரம்பு. இவ்வளவு போதும். சிவப்புக் குஞ்சுகள் மேலே கொதித்துக்கொண்டு போவதைப் பார்த்தால் ராடைக் கீழே வைத்துவிட்டு இரண்டு நிமிஷம் வேடிக்கை பார்க்கலாம். பார்த்து முடித்தபின் ஐம்பது அடி தள்ளிப்போய் அடுத்த வீச்சு வீசலாம். அங்கேயும் விரால் இருக்கும், வேலம்பாசியில் ஓட்டையும் இருக்கும்.